மச்சானின் ஸ்டாம்பும் மாரியம்மன் மஞ்சளும்

என் மனைவியின் அண்ணன் சதாசிவம் மனிதர்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஸ்டாம்பை இடுக்கியால் எடுப்பவர்கள், விரலால் எடுப்பவர்கள். நான் இரண்டாவது வகை. அதனால் கல்யாணமான நாளிலிருந்து அவருடைய ஆல்பங்கள் இருக்கும் அறைக்குள் என்னை விட்டதில்லை. அப்படிப்பட்ட மச்சான் ஒரு நாள் போன் போட்டு, "மாப்ள, ஒரு எட்டு கண்டிக்குப் போயிட்டு வரணும்" என்றார். கரூரிலிருந்து குளித்தலைக்குப் போய்வரச் சொல்வது போலத்தான் சொன்னார்.

நான் கரூரில் பஸ்ஸுக்கு சீட் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்டாம்போடு எனக்கு இருந்த உறவெல்லாம் அதை நக்கி ஒட்டித் தபால் பெட்டியில் போடுவதுதான், இப்போது அதுவும் இல்லை. மச்சானே போயிருப்பார். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது கால் மாவுக்கட்டுக்குள் இருந்தது. "எங்கண்ணன் வாய் திறந்து உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்கா இதுவரைக்கும்?" என்றாள் மனைவி. பலமுறை கேட்டிருக்கிறார். அதைச் சொல்வதற்கான நேரம் அது இல்லை என்பதால் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். கண்டிக்கு மேலே, மடுல்கெல்ல மலைப்பக்கம் பூமலை என்று ஒரு தேயிலை எஸ்டேட். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மனைவி பங்களாவைச் சுற்றி ஒரு பூந்தோட்டம் போட்டாளாம். துரை போய், துரைசானி போய், பங்களா ஹோட்டலாகவும் மாறிவிட்டது. தோட்டம் மட்டும் விடாமல் பூத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கொண்டாட ஒரு ஸ்டாம்பு வெளியிடுகிறார்கள். வெளியிடும் நாளில் அந்தத் தோட்டத்திலேயே தபால் மேசை போட்டு, அதற்கென்றே செய்த சீலைக் குத்துவார்கள். அந்த சீல் விழுந்த கவர் மச்சானுக்கு வேண்டும். மறுநாள் போனால் ஸ்டாம்பு கிடைக்கும், சீல் கிடைக்காது.

உலகத்துத் தோட்டங்கள் என்ற தலைப்பில் மச்சான் ஸ்டாம்பு சேர்க்கிறார். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் வெள்ளிப் பதக்கம். தங்கத்துக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று நடுவர்கள் சொல்கிறார்களாம். அந்த ஏதோ ஒன்று பூமலைதான் என்று மச்சான் முடிவு கட்டிவிட்டார். மாவுக்கட்டைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு அவர் இதைச் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஸ்டாம்பின் படத்தை முன்கூட்டியே போனில் வரவழைத்திருந்தார். வெள்ளை பங்களா, பின்னால் உயரமான மரங்கள், மேலே வானம். கீழே இடது மூலையில் நீலப் பூச்செடிகளுக்கு நடுவே தலைத்துண்டு கட்டிய ஒரு பெண், கடுகத்தனை முகம். அவளுக்குப் பக்கத்தில், ஸ்டாம்பின் ஓரத்திலிருந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளியின் மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா மாப்ள? பூவாளி அந்தரத்துல நிக்குது. பிடிச்ச ஆளைக் காணோம். படம் போட்டவன் கோட்டை விட்டுட்டான்!" என்று மச்சான் குதூகலித்தார். தப்பு உள்ள ஸ்டாம்பு என்றால் இந்தக் கூட்டத்துக்கு அல்வா மாதிரி.

பிறகு நாலு கவரைக் கொடுத்து உத்தரவுகள் போட்டார். எச்சில் தொடக் கூடாது, பஞ்சில் தண்ணீர் தொட்டு ஒட்ட வேண்டும். விரல் படக் கூடாது. சீல் வானத்து மூலையில் மட்டும் விழ வேண்டும். "ஒரு துளி கறை இருந்தாலும் மார்க்கைக் குறைச்சிருவானுங்க" என்று சொல்லி, தன் உயிருக்கு உயிரான லென்ஸையும் தந்தார். தங்கச்சியைத் தாரை வார்த்தபோது கூட அந்த முகத்தில் அவ்வளவு கவலையை நான் பார்க்கவில்லை.

கண்டி பஸ் ஸ்டாண்டில் பரமசிவம் குடையோடு காத்திருந்தார். மாநகர சபையில் கிளார்க். மச்சானும் அவரும் வருஷக்கணக்காகத் தபாலில் ஸ்டாம்பு மாற்றிக்கொள்பவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பூமலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் கூட்டிக்கொண்டு போவதாக ஒத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, வாங்க. மழைக்கு முந்தி எதையாச்சும் சாப்பிட்டுருவோம்" என்று ஒரு கடைக்குள் அழைத்துப் போனார். உட்கார்ந்த உடனே, நாங்கள் எதுவும் சொல்லாமலே ஒரு பெரிய தட்டு வந்தது. ரோல்ஸ், பற்றிஸ், உளுந்து வடை, மீன் வைத்த முக்கோண பன். தட்டு நிறைய. எங்கள் பக்கம் இலையில் வைத்ததை மிச்சம் வைத்தால் வைத்தவரை அவமானப்படுத்தியது போல. அதுவும் வெளிநாடு. ஊர் மானம் என் கையில், அதாவது என் வயிற்றில் இருந்தது. பரமசிவம் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேர்க்க வேர்க்கத் தட்டைக் காலி செய்தேன். கடைசிப் பற்றிஸை ப்ளேன்டி என்ற பால் இல்லாத டீயால் உள்ளே தள்ளினேன்.

வெளியே வந்த பிறகுதான் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, அது வேணுங்கறத மட்டும் எடுக்கத்தான். மிச்சத்த அப்புடியே திருப்பிக் கொண்டு போயிருவாங்க."

"அப்பவே சொல்லக் கூடாதா பரமசிவம்?"

"நீங்க அம்புட்டு ஆசையா சாப்பிட்டீங்க. எப்புடி சொல்றது?"

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மறுநாள் மலைக்கு பஸ். தொழில் புத்தி, ஏறியதும் சீட்டைத்தான் பார்ப்பேன். எல்லாம் நிரம்பியிருந்தன, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு மட்டும் காலி. தையல் பிரமாதம். தடவிப் பார்த்துவிட்டு சந்தோஷமாக உட்கார்ந்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. கண்டக்டர் வந்து சிங்களத்தில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், காவி உடுத்திய பிக்கு ஒருவர் குடையோடு பொறுமையாக நின்றுகொண்டிருக்கிறார். மகளிர் சீட்டில் உட்கார்ந்து திட்டு வாங்கிய அனுபவம் உண்டு. சாமியார் சீட்டு எனக்குப் புதுசு. எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"கண்டக்டர் என்ன சொன்னார்?" என்று பரமசிவத்திடம் கேட்டேன்.

"மொட்டையடிச்சிட்டு வந்தா அங்கேயே உக்காரலாமாம்."

பாதி மலையில் ஒரு மரம் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. நம் ஊராக இருந்தால் ஹாரன் சத்தத்திலேயே மரம் எழுந்து ஓடியிருக்கும். இங்கே ஒருவர் கூட ஹாரன் அடிக்கவில்லை. எல்லாரும் இறங்கினார்கள், பக்கத்துக் கடையில் ப்ளேன்டி குடித்தார்கள், யாரோ கோடரி கொண்டு வந்தார், மரம் நகர்ந்தது, ஏறிக்கொண்டார்கள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பதறினேன். வெளியீடு மறுநாள் என்று பரமசிவம் ஞாபகப்படுத்தினார்.

எஸ்டேட்டில் அவருடைய அக்கா பாக்கியம் வீட்டில் தங்கினோம். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஓரத்து வீடு. அறுபதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, நெற்றியில் திருநீறு மட்டும். பங்களாத் தோட்டத்தில் காலமெல்லாம் வேலை செய்தவர். கணவர் ஆறுமுகமும் அங்கேதான் தோட்டக்காரராக இருந்தாராம். அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது, அங்கே அதைக் கதிரை என்கிறார்கள், பக்கத்து வீட்டிலிருந்து இரவல்.

"தம்பி, அட்டை கடிச்சிருக்கு, காலப் பாருங்க" என்றார் பாக்கியம் அக்கா. குனிந்து பார்த்தால், என் கணுக்காலில் ஒன்று கொழுத்துப் போய்த் தொங்குகிறது. நான் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. அக்கா ஒரு சிட்டிகை உப்பைத் தூவி அதை விழ வைத்தார். கரூர்க்காரன் அட்டைக்கு அலறியதை அடுத்த நாள் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வெளியீட்டு நாள். தோட்டத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கவர் பைலையே மறந்துவிட்டேன். படிப்படியாக இறங்கும் புல்வெளி, குடம் குடமாக நீலப் பூக்கள், கீழே பள்ளத்தாக்கில் பஞ்சு மூட்டை பிரிந்த மாதிரி மேகம். இந்தப் பூச்செடிகள் எல்லாம் தன் அக்கா கணவர் ஆறுமுகம் நட்டவை என்றார் பரமசிவம். விருந்தினருக்குக் கதிரைகள், ஊர்க்காரர்களுக்குக் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாக்கியம் அக்காவும் எஸ்டேட் ஜனங்களும் நின்றார்கள். பிரதம விருந்தினர் தாமதமாக வந்தார். அந்த விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் இல்லை.

தபால் மேசையில் ஒரே தள்ளுமுள்ளு. எல்லார் கையிலும் இடுக்கி. நான் பஞ்சைத் தொட்டு, மச்சான் தந்த இடுக்கியால் பிடித்து, மூச்சை அடக்கி நாலு கவரிலும் ஸ்டாம்பை ஒட்டினேன். சீல் குத்தும் அதிகாரியிடம் வானத்து மூலையைச் சுட்டிக்காட்டி, நாலு விரலால் அபிநயம் பிடித்தேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். "இதுவும் அந்தக் கூட்டந்தான்னு சொல்றாரு" என்றார் பரமசிவம். ஆனால் அந்த மனிதருடையது கை இல்லை, மெஷின். டக், டக், டக், டக். நாலு கவரிலும் வானத்து மூலையில் அளவெடுத்த மாதிரி கால் வட்டம். படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். "தங்கம் வந்தாச்சு" என்று பதில் வந்தது. கூடவே அழுகிற பொம்மை முகம் வரிசையாக.

மத்தியானம் அக்கா வீட்டு வாசலில் எஸ்டேட்டே கூடியது. எல்லாருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். ஸ்டாம்பை அங்கே முத்திரை என்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் லென்ஸைக் கொடுத்து, கவரை நான் பிடித்துக்கொண்டேன். சண்டை ஆரம்பித்தது.

"இது எங்கம்மா. தலத்துண்டப் பாரு."

"ஒங்கம்மா இம்புட்டு ஒல்லியா? இது மாரியாயி."

"மாரியாயி பங்களா பக்கமே போனதில்லியே, மலையிலதான கொழுந்து பறிச்சா?"

கடைசியாக லென்ஸ் பாக்கியம் அக்காவிடம் போனது. அவர் வெகுநேரம் பார்த்தார். "நான்தான்" என்று மட்டும் சொன்னார். சண்டை நின்றுவிட்டது. லென்ஸைத் திருப்பித் தரும்போது, "இந்தக் கண்ணாடி நல்லாருக்கு தம்பி" என்றார்.

கோழிக்குழம்பு, ரொட்டி, கண்ணில் தண்ணீர் வரவைக்கும் சம்பல். பைலையும் லென்ஸையும் அலமாரி மேல் பத்திரமாக வைத்துவிட்டுக் கொஞ்சம் கண் அசந்தேன். அதுதான் நான் செய்த ஒரே பிழை.

எழுந்தபோது கோயில் மணியும் தப்பு மேளமும் கேட்டன. வாசலில் ஊர்வலம் மாதிரி ஜனங்கள். முன்னால் தாம்பாளத்தோடு பாக்கியம் அக்கா. தாம்பாளத்தில் தேங்காய் மூடி, வாழைப்பழம், கற்பூரம், என் பைல்.

"நம்ம தோட்டம் மொத மொதல்ல முத்திரையில வந்துருக்கு. வெளிநாடு போறதுக்கு முந்தி அம்மன் காலடியில ஒருக்கா வெச்சு எடுக்க வேணாமா?" என்றார் கோயில் பூசாரி. முகமெல்லாம் பூரிப்பு.

பைலைத் திறந்தேன். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல, கவர்களின் நாலு மூலைக்கும் பதமாகக் குழைத்த மஞ்சள். ஒரு மூலை விடவில்லை. நடுவில் ஒரு சிட்டிகை குங்குமம். எண்ணிப் பார்த்தால் மூன்று கவர்தான்.

"நாலாவது?"

"அது அம்மனுக்குங்க. கண்ணாடி போட்டு சாமிக்கு மேல சுவத்துல மாட்டிட்டோம்."

மச்சானின் மாவுக்கட்டு, அந்த அழுகிற பொம்மைகள் எல்லாம் கண்முன் வந்து போயின. கத்த வேண்டும் போல இருந்தது. சுற்றி நிற்கும் முகங்களைப் பார்த்தேன். புதுப் பிள்ளையைக் கையில் கொடுத்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். எப்படிச் சொல்வது?

"ரொம்ப சந்தோஷங்க" என்றேன். பரமசிவம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தாராம். அவரும் ஸ்டாம்புக்காரர்தானே. அக்கா பேச்சுக்கு மறுபேச்சு அந்த வீட்டில் கிடையாது.

கண்டிக்குத் திரும்பி வந்து லாட்ஜ் அறைக் கதவைச் சாத்தியதும் ஒரு கவரின் மூலையில் நனைத்த சோப்பை வைத்துத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. இன்னும் தேய்த்தேன். காகிதம் திரிந்து ஓட்டை விழுந்தது. ஒன்று போயிற்று.

"துணிக்காரங்களத்தான் கேக்கணும்" என்று பரமசிவம் மறுநாள் என்னைக் கண்டிக்குப் பக்கத்தில் திகன என்ற ஊரில் ஒரு ஜவுளிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடை முதலாளி ஹனீபா நானா, அதாவது ஹனீபா அண்ணன், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் கவரைப் பார்த்தார்.

"மஞ்சளா பட்டீக்கு? சவுக்காரம் போட்டீங்களா?"

"சோப்புதான? போட்டேன் நானா."

"அல்லாஹ்வே! மஞ்சளுக்கு சவுக்காரம் எதிரி. வெயில்ல போடுங்க. வெயில் அத அப்படியே தின்னுடும்."

"எவ்வளவு நேரம்?"

அவர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். கறுத்துக் கிடந்தது. "மொதல்ல வெயில் வரட்டும். இன்ஷா அல்லா" என்று சொல்லி எங்களுக்கு ப்ளேன்டி வரவழைத்தார்.

அதற்கடுத்த நாள் காலையில் வெயில் எட்டிப் பார்த்தது. லாட்ஜ் பால்கனியில் ஒரு கவரைப் பரப்பி, நாலு பக்கமும் சோப்பு டப்பா, சீப்பு எல்லாம் வைத்துக் காவல் உட்கார்ந்தேன். மச்சான் போன் செய்தார். கவர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "வெயில்ல இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அதைச் சமாளிக்க அறைக்குள் திரும்பினேன். அவ்வளவுதான். ஒரு குரங்கு சீப்பைத் தள்ளிவிட்டுக் கவரை எடுத்து மோந்து பார்த்தது. மஞ்சள் வாசனை பிடித்திருக்க வேண்டும். வாழைப்பழம் காட்டிக் கெஞ்சினேன். பழத்தையும் வாங்கிக்கொண்டு கவரோடு காட்டுப் பக்கம் போய்விட்டது. பழத்துக்கு பதிலாகக் கவரைக் கொடுப்பதுதான் நாகரிகம் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மிஞ்சியது ஒன்று. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கோயில் டூர் போய் வரும் பஸ் சீட்டுகளில் மஞ்சள் அப்பியிருந்தால் பட்டறையில் என்ன செய்வோம்? ஸ்பிரிட் போட்டுத் துடைப்போம்! ஒரு ஆயுசு இதே வேலை செய்கிறவன், சோப்பு, வெயில், குரங்கு எல்லாம் சுற்றி வந்தேன். பார்மசிக்கு ஓடி ஒரு பாட்டில் வாங்கினேன். பரமசிவமும் ஆபீஸ் முடிந்து வந்து சேர்ந்தார். பஞ்சில் துளி நனைத்துக் கவரின் ஒரு மூலையில் ஒற்றினேன். மஞ்சள் மாயமாகப் போனது. ஒரு மூலை பளிச். இன்னும் மூன்று மூலை, நடுவில் குங்குமம். தங்கம் என் கைக்கு வந்துவிட்டது. நான் விசிலடித்தேன்.

ஸ்டாம்புக்குப் பக்கத்து மூலையைத் தொடும் முன், சீல் மை கலையாமல் இருக்க வேண்டுமே என்று லென்ஸை எடுத்துப் பார்த்தேன். சீல் சரியாக இருந்தது. பங்களா, மரம், பூச்செடி. பாக்கியம் அக்கா. அக்காவின் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி. ஊசி முனை அளவு.

அச்சில் வந்ததோ என்று போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் லென்ஸில் பார்த்தேன். நடு நெற்றியில், கொஞ்சமும் பிசகாமல், குங்குமம்.

லென்ஸைப் பரமசிவத்திடம் நீட்டினேன். பார்த்தவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா வேலதான்" என்றார். "ஒங்க லென்ஸ் கண்ணாடியையும் கோயிலுக்கு எடுத்துட்டு வந்துச்சு. ஒரு ஈர்க்குச்சிய வெச்சுக்கிட்டு மூலையில உக்காந்து என்னமோ பண்ணிக்கிட்டிருந்துச்சு. நான் கவனிக்கல."

"எதுக்கு?"

"இந்தப் படம் பங்களாவுல மாட்டியிருக்கற ஒரு போட்டோவப் பாத்து வரஞ்சது அண்ணே. ஆறுமுகம் மச்சான் உசிரோட இருந்தப்ப எடுத்தது. அக்காவுக்குப் பக்கத்துல அவரு பூவாளியோட நிப்பாரு. முத்திரை சின்னதுல்ல, அவரு அடங்கல. பூவாளி மூக்கு மட்டும் உள்ள வந்துருச்சு." லென்ஸை என்னிடம் திருப்பி நீட்டினார். "அவரு போனதுலருந்து அக்கா பொட்டு வெக்கிறதில்ல. இதுல அவரு பக்கத்துல நிக்கிறாருல்ல, அதான் வெச்சுருக்கு."

அந்தப் பெண்மணி தன் நெற்றிக்கு வைக்க முடியாததை ஒரு கடுகத்தனை முகத்துக்கு வைத்திருக்கிறார். அந்தக் குங்குமத்தை நான் பஞ்சால் துடைக்க இருந்தேன். ஸ்பிரிட் பாட்டிலை மூடி, லாட்ஜ்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

"சதாசிவம் அண்ணனுக்கு என்ன சொல்லுவீங்க?" என்றார் பரமசிவம்.

"கால் மாவுக்கட்டுலதான இருக்கு, துரத்த முடியாது" என்றேன்.

கரூரில் மச்சான் கட்டிலில் சாய்ந்து கை நீட்டினார். பைலைத் திறந்ததும் அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தைரியம் இல்லை. "மஞ்சளா? மாப்ள, இது மஞ்சளா?" என்றார். "நீங்க என்ன, கவருக்குக் கல்யாணம் பண்ணி வெச்சீங்களா?" என்றார். "ஒரு மூலை மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?" என்றார். என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் லென்ஸைக் கையில் கொடுத்து, இடது மூலையைக் காட்டினேன். பிறகு பரமசிவம் சொன்னதைச் சொன்னேன்.

மச்சான் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவே இல்லை. பூவாளியைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், மறுபடி பூவாளியைப் பார்த்தார். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "படம் போட்டவன் கோட்டை விடல மாப்ள" என்றார்.

கால் சரியாகி, அடுத்த கண்காட்சிக்கு அந்தக் கவரை அப்படியே கொண்டு போனார். எங்கள் எல்லார் பேச்சையும் மீறி அட்டையில் ஒட்டி, கீழே தன் கையெழுத்தில் எழுதினார்: "செடிகளுக்கு நடுவே பாக்கியம். பூவாளியோடு பக்கத்தில் நிற்பவர் அவர் கணவர் ஆறுமுகம். ஸ்டாம்புக்கு வெளியே இருக்கிறார்."

நடுவர் வந்தார். குனிந்து பார்த்தார். "இவ்வளவு கறையோட வெச்சிருக்கீங்க. ஸ்டாம்பு மேலயே ஒரு சிவப்புக் கறை இருக்கே?" என்றார்.

"கறை இல்ல சார்" என்றார் மச்சான். "பொட்டு."

அந்த முறை வெள்ளி கூட வரவில்லை, வெண்கலம். பாக்கியம் அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல, பரமசிவம் எஸ்டேட்டிலிருந்து போனில் முகம் தெரியக் கூப்பிட்டார். லயத்து வாசலில் அதே கூட்டம். மச்சான் கவரைப் போனுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"பரிசு கெடச்சுதாங்க?" என்று கேட்டார் அக்கா.

தபால் சீலில் ஒரு எழுத்து மங்கியிருந்தால் கூட அதை மறைத்துப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என் மச்சான். வெண்கலப் பதக்கத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, "தங்கம், அம்மா! தங்கப் பதக்கம்!" என்றார்.

லயத்தில் கைதட்டல் கேட்டது. அக்கா சிரித்தார். "செடியெல்லாம் அவரு வெச்சதுதான்" என்றார். "இருங்க, அவருகிட்ட சொல்லிட்டு வாறேன்." போனை யார் கையிலோ கொடுத்துவிட்டு, மாலை போட்ட படம் இருந்த பக்கம் உள்ளே போனார்.